கீறினால் துளிர்க்கும் என்று சொன்ன டொக்டர்

1

ஷாமினி, ஜெரோம்,

போன ஞாயிறு உங்கள் அம்மாவின் நினைவுப் பூசை. றக்வானையில் நம் தோட்டத்துக் கோயிலில் நீங்கள் மெழுகுதிரி கொளுத்திய நேரம், அப்பா இங்கே இத்தாலியில் ஒரு பணக்கார வீட்டின் திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஏணியில் நின்றேன். ஞாயிறு என்றாலும் மழைக்கு முன் கொடியை வெட்டி முடிக்க வேண்டும் என்று அந்த வீட்டு அம்மா சொல்லியிருந்தார். நேரத்தைக் கணக்குப் பார்த்து, தொப்பியைக் கழற்றி, ஏணியில் நின்றபடியே ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். பிறகு உங்களுக்குப் போன் எடுத்தேன்.

பூசை எப்படி, எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் கேட்க, ஷாமினி ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையில் பதில் சொன்னாய். பிறகு சத்தத்தைத் தணித்துக்கொண்டு கேட்டாய்.

"அப்பா, அவங்களுக்கு ஆஸ்பத்திரியில பிள்ளை வைக்கிறாங்களாம். அத்தை சொன்னாங்க. அந்தப் பிள்ளை வந்தா எங்கள அங்க கூப்பிடுற பேப்பர் என்னாகும்?"

பின்னால் ஜெரோமின் குரல் கேட்டது. "அஹன்ன எப்பா, அக்கா." கேட்காதே அக்கா என்று சிங்களத்தில். அப்பாவுக்கு விளங்கக் கூடாத விஷயம் என்றால் நீங்கள் இரண்டு பேரும் சிங்களத்துக்குத் தாவுகிறீர்கள். பிறந்த நாளிலிருந்து இரத்தினபுரி பஸ்ஸில் போய்வந்தவன் நான், எனக்குச் சிங்களம் விளங்காதா? அதையும் மறந்துவிட்டீர்கள்.

ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் ஷாமினி திருத்திப் படித்துக்கொள். பகல் சாப்பாட்டு நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். ஒரே மூச்சில் எழுதினது போல இருக்காது.

2

நீங்கள் சித்தியை ஒரே ஒரு தடவைதான் நேரில் பார்த்திருக்கிறீர்கள், எங்கள் கல்யாணத்துக்கு. அதனால் அவளைப் பற்றி முதலில்.

ஸ்டெல்லா கேகாலைப் பக்கம், யட்டியந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினவர்கள். இங்கே அவள் ஒரு வயோதிப அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கையில் புரட்டிப் படுக்க வைப்பது. அந்த அம்மாவோடு பேசிப் பேசியே இத்தாலி மொழி அவளுக்கு என்னை விட நன்றாக வரும். இங்கே எங்கள் ஊரில் தமிழ்ப் பூசை கிடையாது. சிங்களப் பூசைக்குப் போவோம். அங்கேதான் இவளைக் கண்டேன். உங்கள் அம்மா போய் நான்கு வருஷம் கழித்து.

கல்யாணம் பேசும்போதே அவள் ஒன்று சொன்னாள். பிள்ளைகள் இரண்டு பேரையும் கூப்பிட வேண்டும், அதோடு தனக்கும் ஒன்று வேண்டும், இரண்டில் ஒன்று என்று பிறகு சொல்லக் கூடாது. நான் சரி என்றேன். அந்தச் சரியில் இன்றைக்கும் மாற்றம் இல்லை.

தானாகப் பிள்ளை தங்கவில்லை. அப்படி ஆனவர்களுக்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. மனைவியிடமிருந்து முட்டையை எடுத்து, வெளியில் ஒரு கண்ணாடித் தட்டில் வைத்துச் சேர்த்து, உயிர் பிடித்ததும் திரும்பவும் கருப்பைக்குள் கொண்டுபோய் வைப்பது. வைத்தது எல்லாம் தங்காது. தங்கினால் பிள்ளை. இதையெல்லாம் ஒரு அப்பா பிள்ளைகளுக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் எழுதாவிட்டால் அத்தை சொல்வதுதான் உங்களுக்குக் கதை. ரோசி என் தங்கச்சிதான், நல்லவள்தான். ஆனால் ஒன்றைக் கேட்டால் மூன்றாகச் சொல்வாள்.

நம் திருச்சபைக்கு இந்த வைத்தியம் பிடிக்காது என்பதும் தெரியும். ஸ்டெல்லா அதைக் கடவுளிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள். நான் நடுவில் போகவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை செய்தார்கள். தங்கவில்லை. பிறகு கோயிலுக்கு வரும் ஒரு அக்கா பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் கிளினிக்கைக் காட்டிவிட்டார். அங்கே இரண்டு கரு கிடைத்தது. ஒன்றை வைத்தார்கள், அதுவும் தங்கவில்லை. மற்றதைக் குளிரில் உறைய வைத்திருந்தார்கள். ஜெரோம், நீ நினைக்கிற ஐஸ் பெட்டி இல்லை. அது வேறு.

இன்னொரு தடவை முட்டை எடுக்க ஸ்டெல்லாவின் உடம்பு தாங்காது என்று இரண்டு இடத்து டொக்டர்மாரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். ஆக, அவளுக்கு இந்த உலகத்தில் மீதி இருந்தது அந்த ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

3

கிளினிக் டொக்டர் நாங்கள் உள்ளே போனதும் கதிரையிலிருந்து எழுந்து வந்து கைகொடுத்தார். எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. தோட்டத்தில் எங்களுக்கு எழுந்து நின்று கைகொடுத்தவர்கள் தேர்தலுக்கு வந்தவர்கள் மட்டும்தான்.

என்ன வேலை என்று என்னைக் கேட்டார். வீடுகளில் தோட்ட வேலை, கொடி வெட்டுவது, ரோஜா வெட்டுவது என்றேன். அப்படியானால் நான் சொல்வது உங்களுக்கு உடனே விளங்கும் என்று சந்தோஷப்பட்டார். கடைசிக் கருவை வைப்பதற்கு முந்தின மாதம், மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, கருப்பையின் உட்சுவரை லேசாகக் கீறிவிடுவார்களாம். கீறின இடத்தை ஆற்ற உடம்பு ஓடி வருமாம். அந்த ஆறுகிற வேகத்தில் சுவர் புதுசாகி, வருகிற கருவை நன்றாகப் பிடித்துக்கொள்ளுமாம். நீங்கள் கொடியை வெட்டிவிடுகிறீர்கள், வெட்டின இடத்தில் துளிர்க்கிறது, அவ்வளவுதான் என்று கையை விரித்தார்.

கீறுவது என்பதற்கு எனக்கு இத்தாலி மொழியில் தெரிந்தது ஒரே ஒரு சொல், அதுவும் வேலை வீட்டுப் பூனையால் தெரிந்த சொல். பூனை கீறுகிற மாதிரியா என்று கேட்டேன். டொக்டர் சிரித்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

ஆனால் பிள்ளைகளே, எனக்கு அந்தப் பேச்சு அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். பதினெட்டு வயதில் நான் கவ்வாத்து மலையில் நின்றவன். உங்களுக்குக் கவ்வாத்து என்றால் லயத்து வீடுகளுக்கு மிலாறுக் கொப்பு வருகிற காலம், அடுப்புக்கு விறகுக் கவலை இல்லாத காலம். எங்களுக்கு அது கத்தி பிடிக்கிற காலம். இடுப்பு உயரத்துக்குப் பச்சையாக நிற்கிற தேயிலையை முழங்கால் அளவுக்குச் சீவித் தள்ளுவோம். மலை முழுக்க மொட்டையாக, சுடுகாடு போல இருக்கும். அதோடு விடுவதில்லை. பொம்பளைகள் வந்து, மிச்சம் நிற்கிற கொப்பில் ஒட்டின பாசியைச் சுரண்டுவார்கள். சுரண்டின கொப்பில்தான் மொட்டு முந்தி வெடிக்கும். கொஞ்ச மாதத்தில் அதே மலையில் கொழுந்து எடுக்கலாம்.

வெட்டி, சுரண்டி, துளிர்ப்பதைக் கண்ணால் கண்டவனிடம் வந்து ஒருத்தர் கீறினால் தங்கும் என்றால் அவன் எப்படி நம்பாமல் இருப்பான்? செய்யலாம் என்று நானே முந்திக்கொண்டு தலையாட்டினேன். கேட்கவேண்டியவளைக் கேட்கவில்லை.

4

திரும்பி வரும் பஸ்ஸில் நான் கவ்வாத்துக் கதையை ஸ்டெல்லாவுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். பாசி சுரண்டுவது, மொட்டு வெடிப்பது, எல்லாம். அவள் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள். நான் முடித்த பிறகு சொன்னாள்.

"நீங்க தேயிலைப் பக்கம். நான் ரப்பர்ப் பக்கம். எங்க பக்கமும் மரத்தத் தினம் கீறுறாங்க. பால் வடியுது. அதுல மரத்துக்கு என்னங்க லாபம்? வாளி வச்சவனுக்குத்தான லாபம்?"

பக்கத்தில் இருந்த இத்தாலிக்காரக் கிழவர் நாங்கள் சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்து எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்தான் அவள் தன் அம்மாவின் கதையைச் சொன்னாள். ஸ்டெல்லா பிறந்து கொஞ்ச நாளில் தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து லொறி வந்திருக்கிறது. பிள்ளை பெற்ற பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். பரிசோதனை என்றுதான் சொன்னார்களாம். ஒரு கடதாசியில் பெருவிரல் வைக்கச் சொன்னார்கள், அம்மாவும் வைத்தாள். வீட்டுக்கு வந்து கனகாலம் கழித்துத்தான் இனிப் பிள்ளை வராதபடி செய்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஸ்டெல்லாவுக்குத் தம்பியும் இல்லை, தங்கச்சியும் இல்லை.

எங்கள் லயத்திலும் இப்படிக் கதைகள் உண்டு. பெரியவர்கள் சத்தமில்லாமல் பேசிக்கொள்வார்கள். அங்கே நம் பொம்பளைகளின் கருப்பையை மூட லொறி அனுப்பினார்கள். இங்கே அதைத் திறந்து கீறிவிட எழுந்து நின்று கைகொடுக்கிறார்கள். இரண்டிலும் கேட்காமல் நடப்பது ஒன்று இருக்கிறது. நான் கிளினிக்கில் தலையாட்டியதும் அந்த வகைதான் என்று அவள் சொல்லவில்லை. எனக்கே பட்டது.

கீற வேண்டாம் என்று அவள் அப்போது முடிவாகச் சொல்லிவிட்டாள். ஆனால் முடிவு அங்கே நிற்கவில்லை.

5

ஸ்கேன் எடுக்க மறுபடியும் கிளினிக்குக்குப் போனோம். ஸ்டெல்லா உள்ளே இருந்தாள், நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் நம் நாட்டு முகம் ஒன்று. கேட்டால் எஹலியகொடை, பெயர் நிஹால். நான் றக்வானை என்றதும் கட்டிப்பிடிக்காத குறை. ஊரில் இருந்திருந்தால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பேசாமல் போயிருப்போம். இங்கே இரத்தினபுரி மாவட்டம் முழுக்கச் சொந்தக்காரர் ஆகிவிடுகிறது.

அவர் ஒரு பேக்கரியில் வேலை. அவருடைய மனைவியும் உள்ளே இருந்தார். சிங்களத்தில்தான் பேசிக்கொண்டோம். கீறுகிற விஷயம் உங்களுக்கும் சொன்னாரா என்று கேட்டேன். சொன்னாராம். பாண் மாவின் மேலே பிளேடால் ஒரு கோடு போட்டால்தான் அடுப்பில் நன்றாகப் பொங்கும், அது மாதிரி என்றாராம்.

எனக்குக் கொடி என்றல்லவா சொன்னார் என்றேன்.

நிஹால் என்னைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த ருமேனியாக்காரன் ஒருவனைக் காட்டினார். அவன் சுவர் பூசுகிற வேலை. போன கிழமை நிஹாலோடு பேசிக்கொண்டிருந்தானாம். அவனுக்குச் சொன்னது, முதல் பூச்சைக் கரண்டியால் கீறிவிட்டால்தான் இரண்டாம் பூச்சு பிடிக்கும் என்று.

"மல்லி, ஒங்களுக்குக் கொடி, எனக்குப் பாண், அவனுக்குச் சுவர்," என்றார் நிஹால், சிங்களத்தில் என்னைத் தம்பி முறை வைத்து. "ஒரு மீன்காரன் வந்தா, மசாலா ஏறணும்னா மீனக் கீறணும்னு சொல்லுவார்போல."

சிரித்தோம். எங்களைப் பார்த்து அந்த ருமேனியாக்காரனும் என்னவென்று தெரியாமலே சிரித்தான். பிறகு நிஹால் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார், அவருடைய மனைவிக்கு ஏற்கெனவே ஒரு தடவை கீறினார்களாம். வலியில் அழுதுவிட்டாராம். கரு தங்கவில்லை. இப்போது மறுபடியும் கீறலாம் என்று சொல்கிறார்கள். வேறு என்ன செய்வது, செய்து பார்க்கிறதில் என்ன என்று தரையைப் பார்த்தார்.

எல்லா இடுப்புக்கும் பொருந்துகிற சாரத் துணி போல ஒரு விளக்கம். கொடி துளிர்ப்பது உண்மை. பாண் பொங்குவது உண்மை. பூச்சு பிடிப்பதும் உண்மை. மூன்று உண்மையைச் சொல்லி, நாலாவதை எங்களையே சேர்த்துக்கொள்ள விட்டிருக்கிறார். டொக்டர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்று எழுத மாட்டேன். அவருக்கு அது விளங்கவைக்கிற வழியாக இருக்கலாம். ஆனால் எனக்கு விளங்கினது கவ்வாத்து. கருப்பை இல்லை.

அப்போதுதான் அந்த வாங்கில் உட்கார்ந்தபடி இன்னொன்று ஞாபகம் வந்தது. கவ்வாத்து வெட்டின மலையில் எல்லா மரமும் துளிர்ப்பதில்லை. சிலது அப்படியே காய்ந்து போகும். அதைப் பிடுங்கிவிட்டு நாற்று நடுவார்கள். அடுத்த வருஷம் பார்த்தால் மலை முழுக்கப் பச்சை, செத்த மரம் ஒன்றுகூடக் கண்ணில் படாது. கவ்வாத்து வெட்டினால் துளிர்க்கும் என்று நானும் இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிளினிக் சுவரைப் பார்த்தேன். சுவர் முழுக்கக் குழந்தைப் படங்கள், நன்றி எழுதி ஒட்டியிருந்தார்கள். தங்காமல் போனதற்கு யார் படம் ஒட்டுவார்?

6

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் கொடி, பாண், சுவர்க் கதையைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரும், நல்லவேளை வேண்டாம் என்றோம் என்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்த நாளில்தான் அவளுக்கு அது போக ஆரம்பித்திருந்தது. ஸ்கேன் எடுக்கும்போது நிஹாலின் மனைவியோடு அவளும் பேசியிருக்கிறாள், எதையும் செய்யாமல் விட மனம் வரவில்லை என்றாராம் அவர்.

பழைய அரசாங்க ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்ப்போம் என்றேன். அங்கே ஒரு டொக்டரைப் பார்ப்பது என்றால் முதலில் குடும்ப டொக்டரிடம் ஒரு துண்டுச் சீட்டு வாங்க வேண்டும். பிறகு ஒரு நம்பருக்கு எடுக்க வேண்டும். ஒரு மெஷின் பேசும், இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து என்று. நான் மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் பல் டொக்டர் பகுதிக்குப் போய்விட்டேன். ஸ்டெல்லா வாங்கி ஒரே தடவையில் ஆளைப் பிடித்தாள்.

அந்த லேடி டொக்டர் எங்களை ஞாபகம் வைத்திருந்தார். கீறுவது பற்றிக் கேட்டதும் அவர் ஆச்சரியப்படவில்லை. ஒரு காலத்தில் அவர்களும் செய்தார்களாம். ஆரம்பத்தில் சின்னச் சின்ன ஆராய்ச்சிகளில் நல்லது போலத் தெரிந்ததாம். பிறகு நிறையப் பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கீறி, மற்றதுக்குக் கீறாமல் விட்டுப் பெரிதாகப் பார்த்தபோது, பிள்ளை பிறப்பதில் வித்தியாசம் காணவில்லையாம். வலி உண்டு, கொஞ்சம் இரத்தம் போகலாம், எப்போதாவது கிருமி தொற்றலாம். அதனால் விட்டுவிட்டோம் என்றார்.

என் சந்தேகம் என்னை விடவில்லை. இங்கே செய்வதில்லை என்பதால்தான் இப்படிச் சொல்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். ஸ்டெல்லா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். டொக்டர் கோபப்படவில்லை. என்னையும் சந்தேகப்படுங்கள், ஆனால் அந்தக் கிளினிக் டொக்டரிடம் கேட்காத கேள்வியை என்னிடம் மட்டும் கேட்காதீர்கள் என்றார்.

பிறகு ஸ்டெல்லா கேட்டாள், யாருக்குமே உதவாது என்று நிச்சயமாகத் தெரியுமா என்று. யாரோ ஒருவருக்குக் கொஞ்சம் உதவலாம், அது எனக்குத் தெரியாது, அந்த ஒருவர் நீங்கள்தான் என்று சொல்ல என்னிடம் எந்தக் காரணமும் இல்லை என்று டொக்டர் சொன்னார். நேர்மையான பதில்தான். ஆனால் ஸ்டெல்லாவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

அன்று மாலை சட்டியில் பருப்பு கொதிக்க, அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கீறிடுவோம்ங்க."

"நீதான வேணாம்னு சொன்ன? வாளி வச்சவனுக்கு லாபம்னு?"

"சொன்னேன். கீறியும் தங்கலன்னா, எல்லாம் செஞ்சு பார்த்தோம்னு இருக்கும். கீறாம விட்டுத் தங்கலன்னா, நான் வேணாம்னு சொன்னதாலதான் போச்சுன்னு சாகிற வரைக்கும் நெனப்பேன். ஒங்களுக்கு ரெண்டு பேர் இருக்காங்க. எனக்கு இது ஒண்ணுதான."

பிள்ளைகளே, எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. அந்தக் கிளினிக்கில் விற்பது கீறல் இல்லை. கீறாமல் விட்டுப் பிறகு நினைத்து நினைத்து அழுவோமோ என்கிற பயம்தான் அங்கே விலைக்குப் போகிறது. அதை யாரும் விற்கக்கூடத் தேவையில்லை. நாமே கொண்டுபோகிறோம். நிஹாலும் அதைத்தான் கொண்டுவந்திருந்தார்.

உன் இஷ்டம் என்று சொன்னேன். அது விட்டுக்கொடுத்தது இல்லை. உடம்பு அவளுடையது, இந்தத் தடவையாவது முந்திக்கொண்டு முடிவு சொல்பவன் நானாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

7

கீறுவதற்குக் குறித்த நாளில் கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் எழுந்து கைகொடுத்தார். கையெழுத்து வைக்கிற கடதாசியை ஸ்டெல்லாவின் பக்கம் தள்ளினார். பேனாவையும் வைத்தார்.

அவள் பேனாவை எடுக்கவில்லை. இத்தாலி மொழியில் மெதுவாகப் பேசினாள், வயோதிப அம்மாவுக்கு மருந்து சொல்லிக்கொடுக்கிற அதே குரலில். என் புருஷனுக்குக் கொடியை வைத்து விளக்கினீர்கள். எனக்கு உதாரணம் வேண்டாம். இது உதவும் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சொன்னார், தெரியாது. நம்புகிறேன், ஆனால் தெரியாது. இந்த ஒரு மாதம் ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது பல பெண்களுக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது, ஏதாவது செய்யுங்கள் என்று அவர்களே கேட்கிறார்கள் என்றார்.

அவர் சொன்னதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் நானும் எழுந்து நின்று கைகொடுத்திருப்பேன்.

ஸ்டெல்லா தமிழுக்கு மாறி என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கம்மாவுக்கு இதத்தான் சொல்லாம விட்டாங்க. தெரியும், தெரியாதுங்கிறது. இவரு சொல்லிட்டாரு. இப்ப நான் நிம்மதியா வேணாம்னு சொல்லலாம்."

பேனாவை அவர் பக்கமாக உருட்டிவிட்டாள். காத்திருந்து எனக்குப் பழக்கம் இருக்கிறது, கருவை மட்டும் வையுங்கள் என்று அவரிடம் சொன்னாள்.

கீறவில்லை. அடுத்த மாதம் கருவை வைத்தார்கள். நிஹாலின் மனைவி மறுபடியும் கீறிக்கொண்டார். அவர்களுக்கு இந்தத் தடவை தங்கினால் நான் சந்தோஷப்படுவேன். அதைக் கீறலின் வெற்றி என்று நிஹால் சொல்வார், நான் எதிர்த்துப் பேச மாட்டேன். எங்களுக்குத் தங்கினாலும் கீறாததால்தான் தங்கியது என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு மரத்தைப் பார்த்து ஒரு மலையைப் பேசக் கூடாது என்பதை இந்த விஷயத்தில் கொஞ்சம் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

8

இன்று காலை ஸ்டெல்லாவுக்கு இரத்தம் எடுத்தார்கள். பகலுக்குள் கிளினிக்கிலிருந்து என் போனுக்குச் சொல்வார்கள். தங்கியதா இல்லையா என்று.

நான் இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து இதை முடிக்கிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, அந்தப் போன் வருவதற்கு முன் உங்களுக்கு அனுப்பிவிடுவேன். ஏன் இந்த அவசரம் என்று சொல்கிறேன்.

ஷாமினி, நீ சந்தேகக்காரி. அது என்னிடமிருந்து வந்தது, உன்னைக் குறை சொல்ல மாட்டேன். போன் வந்த பிறகு இதை அனுப்பினால் நீ என்ன நினைப்பாய்? பிள்ளை தங்கியிருந்தால், புதுசு வந்ததும் பழசைச் சமாதானம் பண்ணுகிறார் என்பாய். தங்காமல் போயிருந்தால், அங்கே ஒன்றும் இல்லாததால் இங்கே திரும்புகிறார் என்பாய். எப்படிச் சொன்னாலும் என் வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு காரணம் நிற்கும். இப்போது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. காரணம் நிற்க இடம் இல்லாத நேரம் இதுதான்.

உங்கள் பேப்பர் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. நகரசபையிலிருந்து ஒருவர் வந்து வீட்டை அளந்தார். இந்த அறை பிள்ளைகளுக்குப் போதுமா என்று கேட்டபோது, ஸ்டெல்லா தன் தையல் மெஷினைத் தூக்கி எங்கள் அறைக்குள் வைத்துவிட்டு, இப்போது அளந்து பாருங்கள் என்றாள். அது கருவை வைப்பதற்கு முன். ஷாமினிக்குப் பதினெட்டு ஆவதற்குள் பேப்பரைக் கொடுக்க வேண்டும், இங்கத்தைய சட்டம் அப்படி. அதற்காக அந்த அலுவலகத்துக்கு அவள் எத்தனை தடவை நடந்தாள் என்று நான் எண்ணவில்லை. நான் போனால் தப்பான வரிசையில் நிற்பேன் என்று என்னை அவள் அனுப்புவதில்லை.

இன்றைக்குப் போன் என்ன சொன்னாலும் அந்தப் பேப்பரில் ஒரு எழுத்தும் மாறாது. நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

9

அனுப்பிவிட்டேன், இதோடு முடிந்தது என்று நினைத்து மூடி வைத்தேன். இன்னும் கொஞ்சம் எழுத வேண்டியதாகிவிட்டது.

அங்கே பள்ளிக்கூடம் விட்டிருக்க வேண்டும். போனில் இரண்டு நீலக் கோடு விழுந்தது, நீங்கள் பார்த்துவிட்டீர்கள். கனநேரம் ஒன்றும் வரவில்லை. நான் தேத்தண்ணி ஊற்றினேன், குடிக்கவில்லை. ஸ்டெல்லா துவைத்த துணியை மடித்தாள். மடித்ததை மறுபடியும் பிரித்து மடித்தாள்.

பிறகு ஒரு சத்தம். ஆனால் என் போனில் இல்லை, அவளுடையதில். ஷாமினி, நீ உன் சித்தியின் நம்பருக்கு எழுதினது இதுதான் முதல் தடவை. அவள் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"சித்தி, இன்னக்கி ஊசி குத்தினது வலிச்சிச்சா? அம்மாவுக்கும் ஊசின்னா பயம். ஜெரோம் கேக்குறான், தங்கலன்னா நீங்க அழுவீங்களான்னு. பக்கத்துல அப்பா இருக்காரா?"

போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் துணிக் குவியலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து பதில் எழுத ஆரம்பித்தாள். ஒரு விரலால்தான் தட்டுவாள், மெதுவாக. எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். என்ன எழுதுகிறாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த வரியை நான் எழுதும்போது மேசையில் என் போன் அடிக்கிறது. கிளினிக் நம்பர். போன் அதிர்ந்து அதிர்ந்து தேத்தண்ணிக் கோப்பைப் பக்கம் நகர்கிறது. எடுக்கவா என்று ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"கொஞ்சம் இருங்க. பிள்ளைக்குப் பதில் போட்டுட்டு வாறேன்."